காலால் பிறந்த கமறியா

கமறியா காலால் பிறந்தவள். தலை வரவேண்டிய வழியில் முதலில் இரண்டு குஞ்சுப் பாதங்கள்தான் வந்தன. தொண்ணூறாம் ஆண்டு, உடுத்த உடுப்போடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய முஸ்லிம் சனத்துக்குள் அவளுடைய உம்மாவும் நிறைமாதமாக இருந்தாள். யாரோ ஒரு நல்ல மனுசனின் தென்னந்தோப்பு, நாலு பக்கமும் கிடுகு சாத்திய கொட்டில், கீழே விரிக்க ஒரு பழைய சாரம். அந்தப் பாதங்களைக் கண்டதும் மருத்துவிச்சி "யா அல்லாஹ்" என்று கத்திவிட்டாளாம். தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது என்று வெளியே நின்றவர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். இரண்டும் தங்கின.

தங்கிய பிள்ளையின் காலுக்கு ஒரு மதிப்பு வந்து சேர்ந்தது. காலால் பிறந்தவர் மிதித்து உழக்கினால் சுளுக்குப் போகும் என்பது இந்தக் கரை முழுக்க உள்ள நம்பிக்கை. பள்ளிவாசலுக்குப் போகிறவனும் நம்புகிறான், கோயிலுக்குப் போகிறவனும் நம்புகிறான். கமறியா நடை பழகிய காலத்திலேயே அவளைத் தூக்கிக்கொண்டு போய் யாரோ ஒரு வலைகாரரின் இடுப்பில் நிறுத்தினார்கள். அவள் அங்கே நின்று மூத்திரம் பெய்தாள். அந்த மனுசன் மறுநாள் நிமிர்ந்து நடந்து கடலுக்குப் போனான். காலில் என்ன இருக்கிறது என்று படித்தவர்கள் சிரிக்கட்டும். குனிந்து வந்தவன் நிமிர்ந்து போனதைக் கண்ட கண் கண்டதுதான்.

குறிஞ்சிப்பிட்டியில் குடியேறி, வளர்ந்து, கல்யாணம் முடித்து, மாப்பிள்ளை கட்டாருக்குப் போன பிறகும் அவளுடைய வாசலில் சுளுக்குக்காரர் குறையவில்லை. பகலெல்லாம் வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்குவாள். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தவர்களுக்குக் கால் வைப்பாள். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் காலைக் கழுவுவாள். பிஸ்மி சொல்வாள். வந்தவனை முற்றத்துப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, தன் உள்ளங்காலை அவனுடைய உள்ளங்காலோடு ஒட்டி வைப்பாள். "தெரியுதா?" என்று கேட்பாள். "ஓம்" என்று அவன் சொன்ன பிறகுதான் குப்புறத் திருப்பி இடுப்பை, முதுகை, தோளை உழக்குவாள். எதற்கு இந்தக் கேள்வி என்று யாரும் கேட்டதில்லை. அவளுடைய உம்மா அப்படிப் பழக்கினாள், அவ்வளவுதான்.

உம்மா இன்னொன்றும் சொல்லிவைத்திருந்தாள். "எங்க வேணுமெண்டாலும் வை. கழுத்தில மட்டும் வைக்காத. கழுத்து ஹயாத்து ஓடுற பாதை, உசிர் ஓடுற பாதை."

உம்மா மௌத்தானபோது கமறியாவின் தம்பி அக்ரம் பல் விழாத பிள்ளை. வளர்த்தது முழுக்க அவள்தான். அவன் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தான், உப்பு மூட்டை சுமந்து தோள் இறுகிப்போனான், றிஸ்மியாவைக் கல்யாணம் முடித்துப் பக்கத்து வளவிலேயே வீடும் போட்டான். ஆனால் அவன் மனம் உப்பிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. கபடியில் இருந்தது. மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிராளியின் பக்கத்துக்குள் புகுந்து, தொட்டுவிட்டு, நடுக்கோட்டுக்குத் திரும்பிப் பாய்வதில் அவனைப் போல இந்தப் பக்கத்தில் ஆளில்லை. பிடிக்க வருகிறவர்களின் கைகளுக்குக் கீழால் தலையைக் குனிந்துகொண்டு முட்டிப் பாய்வான். அந்தப் பாய்ச்சலுக்குத்தான் சனம் விசிலடிக்கும்.

ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் அவன் வந்து லாத்தாவின் பாயில் படுப்பான். அவளை லாத்தா என்றுதான் கூப்பிடுவான், அவர்கள் பக்கத்தில் அக்காவுக்கு அதுதான் பெயர், அண்ணனுக்கு நானா. சுளுக்கு இருக்கிறதோ இல்லையோ கால் படவேண்டும். பிறகு அவனுடைய கூட்டாளிகளும் வரத் தொடங்கினார்கள். அந்த அணியை நடத்துகிறவர் கருவாட்டுக் கடை அத்தாஉல்லா. பெரிய வயிறு, பெரிய வாய், சின்ன மனம் என்று சொல்லமுடியாது, மனமும் பெரிதுதான். பொடியன்களுக்குச் சட்டை அடித்துக் கொடுப்பார், தோற்றாலும் புரியாணி கொடுப்பார். அவர் வேலிக்கு வெளியே நின்று சத்தம் போடுவார்.

"கமறியா, எல்லாருக்கும் கால் வைச்சிட்டியா? உன்ட கால் பட்டாத்தான் எனக்கு நித்திரை வரும்."

"உங்கட வயித்தில ஏறி நிண்டா இன்னும் நல்லா வரும் நானா."

"ஏறு புள்ள, ஏறு. உன்ட மாப்பிள்ளை கட்டாரிலிருந்து கேட்டா நீயே சொல்லு."

இப்படிச் சிரிப்பும் கேலியுமாகத்தான் அது நடந்தது. ஆனால் சிரிப்புக்குள்ளே ஒன்று மெல்ல வளர்ந்தது, அதைக் கமறியாவும் கவனிக்கவில்லை. அவள் கால் வைத்துவிட்டால் அவன் விளையாடலாம் என்று ஆகிவிட்டது. நொண்டிக்கொண்டு வந்தவனும், விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தவனும் அவளுடைய பாயிலிருந்து எழும்பி நேரே மைதானத்துக்குப் போனார்கள்.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி வாடி மைதானத்தில் போட்டி வைத்தார்கள். ஆடுகளத்துக்குக் கடல்மணல் கொண்டுவந்து தடிப்பாகக் கொட்டித் தண்ணீர் தெளிப்பது வழக்கம். அந்த வருடமும் கொட்டினார்கள். ஆனால் சோழகக் காற்று ஒரு கிழமையாக நின்றபாடில்லை. நுரைச்சோலைப் பக்கத்துக் காற்றாலைகள் பேய்பிடித்தது போலச் சுழன்றன. கொட்டிய மணலைக் காற்று அள்ளிக்கொண்டு போய் வேலியோரம் குவித்தது. களத்தில் மிஞ்சியது வெயிலில் வெந்த கட்டாந்தரை. அதன் மேல் பேருக்கு ஒரு போர்வை மணல்.

அரையிறுதிப் போட்டி முடிந்த அந்திநேரம் அக்ரம் வந்தான். தலைமுடிக்குள் மண். நடை சரியாக இருந்தது, சிரிப்பும் இருந்தது. ஆனால் தலையை மட்டும் திருப்பவில்லை. கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் திருப்பினான்.

"வெண்டுட்டம் லாத்தா. நாளைக்கு உடப்புக்காரன்களோட ஃபைனல்."

"கழுத்துக்கு என்ன?"

"கொஞ்சம் பிடிச்சிருக்கு. மேல விழுந்துட்டானுகள். நீ கால் வைச்சா விட்டுரும்."

கமறியா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவன் கோப்பையை ஒரு கையால் எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே அணைத்து, சின்னப்பிள்ளை மாதிரித் தூக்கினான். தூக்கும்போதே சாரத்தில் ஊற்றிக்கொண்டான்.

"என்னடா அது?"

"சூடு லாத்தா."

"சூடு எனக்குத் தெரியாதா? நான்தானே ஆத்தினன். கை விறைச்சிருக்கா?"

"இடது தோள்தான் கொஞ்சம் எரிஞ்சது. இப்ப இல்ல."

வேலியோரம் நின்ற றிஸ்மியா வாயைத் திறந்தாள். "பொய் சொல்றாங்க மதினி. ரெண்டு கையும் நெருப்புப் பத்தின மாதிரி எரிஞ்சதெண்டு எனக்குச் சொன்னாங்க. சட்டைப் பொத்தானையும் நான்தான் கழட்டிவிட்டன்."

அக்ரம் உடம்பைத் திருப்பி அவளை முறைத்தான். "உனக்கு வேற வேலை இல்லையா? போய் அடுப்பைப் பாரு."

இரண்டு கையும் சேர்ந்து எரியும் சுளுக்கைக் கமறியா கண்டதில்லை. அவளுடைய பாயில் கிடந்தவர்கள் எல்லாம் ஒரு பக்கத்தைத்தான் காட்டுவார்கள். "ஆஸ்பத்திரிக்கு ஒருக்காக் காட்டினா என்ன?" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தாஉல்லாவின் குரல் வேலிக்கு வெளியே கேட்டது. "ஆஸ்பத்திரியா? சுளுக்குக்கா? ரெண்டு குளிசையைத் தந்து படுத்து எழும்பச் சொல்லுவாங்க. அதுக்கு அங்க எதுக்குப் போகணும்? கமறியா, இத்தனை வருசமா கால் வைச்சிட்டு இப்ப என்ன புதுப் பயம்? அவன் இல்லாட்டி நாங்க நாளைக்குப் போகவே தேவையில்ல. வெற்றிக் கோப்பையை உடப்புக்குத் தபால்ல அனுப்பச் சொல்லலாம்."

"கழுத்துக்கு நான் கால் வைக்கிறதில்ல நானா."

"கழுத்தில யாரு வைக்கச் சொன்னது? தோளுக்கு வை. மனசுக்கு ஒரு தைரியம்."

அக்ரம் ஏற்கெனவே பாயில் படுத்துவிட்டான். கீழிருந்து அவளைப் பார்த்தான். "லாத்தா, இது ஒண்டுதான். இதுக்குப் பிறகு நான் விளையாட மாட்டன். றிஸ்மியாட தலையில அடிச்சுச் சத்தியம்."

"என்ட தலையை ஏன் இழுக்கிறீங்க?" என்றாள் றிஸ்மியா.

எல்லாரும் சிரித்தார்கள். கமறியாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே அவளுடைய பிடிவாதம் இளகிவிட்டது. காலைக் கழுவினாள், பிஸ்மி சொன்னாள், உள்ளங்காலோடு உள்ளங்காலை வைத்தாள்.

"தெரியுதா?"

"ஓம் லாத்தா. கூசுது."

தோளுக்கு மட்டும் வைத்தாள், மெதுவாக, முட்டைக்கு மேல் நடக்கிறவள் மாதிரி. கழுத்துக்குக் கிட்டப் போகவில்லை. போகவில்லை என்பதையே அன்றிரவு முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு படுத்திருந்தாள். ஆனால் பிரச்சினை அவள் எங்கே கால் வைத்தாள் என்பதில் இல்லை. வைத்தாள் என்பதில்தான் இருந்தது. விடியும்போது அக்ரமின் கழுத்து சரியாகிவிட்டது என்று சந்தைவரை கதை போயிருந்தது.

மறுநாள் கமறியா மைதானத்துக்குப் போகவில்லை. இந்தப் பக்கத்துப் பெண்கள் அங்கே போய் நிற்பதில்லை, ஒலிபெருக்கி கொண்டுவந்து தருவதைக் கேட்பார்கள். கமறியா முற்றத்தில் வெங்காயம் பரத்திக்கொண்டிருந்தாள். காற்று அறிவிப்பாளரின் குரலைத் துண்டு துண்டாக வீசியது. உடப்பு முன்னால். இல்லை, இப்போது நம்முடையவர்கள். பிறகு, "பாடிப் போகிறார் அக்ரம்." பிறகு ஒரு பெரிய கூச்சல். பிறகு ஒன்றுமில்லை.

ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்றுதான் றிஸ்மியா நினைத்தாள். அது கெடவில்லை. அதற்குள் காற்று ஊதுகிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. பேசுகிறவன்தான் பேசாமல் நின்றான்.

அங்கே நடந்தது இது. அக்ரம் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். உடப்பின் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் அவனுடைய இடுப்பைப் பிடித்தான், சுத்தமான பிடி. அக்ரம் வழக்கம்போலத் தலையைக் குனிந்து நடுக்கோட்டுக்குப் பாய்ந்தான். பிடித்தவனும், அவனோடு கை கோத்து வந்தவர்களும் அவனுக்கு மேலே விழுந்தார்கள். அவனுடைய உச்சந்தலை கட்டாந்தரையில் குத்தியது. மேலே விழுந்த பாரம் முழுவதும் குனிந்திருந்த கழுத்துக்கு வந்தது. எல்லாரும் எழும்பினார்கள், அவன் மட்டும் எழும்பவில்லை. கை நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடந்தது. ஆகவே புள்ளி நமக்குத்தான் என்று சிலர் துள்ளினார்கள்.

"தூக்காதீங்க! தூக்காதீங்க!" என்று கத்தியவன் அந்தச் சிவப்புச் சட்டைக்காரன். தனக்குக் கீழே ஏதோ முறிந்ததை அவனுடைய மார்பு உணர்ந்திருந்தது. புள்ளியை மறிக்கத்தான் கத்துகிறான் என்று நினைத்து அவனைத் தள்ளிவிட்டார்கள்.

தூக்கினார்கள். ஒருவன் இரண்டு கக்கத்துக்குள்ளும் கை கொடுத்தான், இன்னொருவன் கால்களைப் பிடித்தான். வலை தூக்கிப் பழகிய கைகள், மூட்டை தூக்கிப் பழகிய கைகள், ஒரே மூச்சில் தூக்கிவிட்டன. தலை பின்னால் தொங்கியது. அவனுடைய கூட்டாளி நஸீமின் முச்சக்கரவண்டியில் குந்தவைத்தார்கள். எங்கே போவது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? விழுந்தவனை எங்கே கொண்டுபோவது என்று இந்த ஊருக்குத் தெரியும். வண்டி குழிகளுக்குள் விழுந்தெழும்பிக் கமறியாவின் வாசலுக்கு வந்தது.

"லாத்தா! கெதியா வாங்க! அக்ரமுக்குக் கழுத்து சுளுக்கிட்டு!"

கமறியா ஓடிவந்தபோது அவனைப் பாயில் கிடத்திவிட்டார்கள், மல்லாக்க, அவள் வழமையாகக் கிடத்தச் சொல்வது போலவே. கண் திறந்திருந்தது. முகத்தில் மண்ணும் சின்னதாக ஒரு சிரிப்பும். கைகள் இரண்டும் யாரோ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தவை போலக் கிடந்தன.

"வெண்டமா லாத்தா?" என்று கேட்டான்.

முற்றம் நிறைய ஆட்கள். அத்தாஉல்லா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். "வை கமறியா, வை. நேரம் இருக்கு. இன்னும் ரெண்டாம் பாதி இருக்கு."

அவள் காலைக் கழுவினாள். கழுவிய தண்ணீர் நெருப்பாகச் சுட்டது போல இருந்தது. பிஸ்மி சொன்னாள். உள்ளங்காலை அவனுடைய உள்ளங்காலோடு ஒட்டி வைத்தாள்.

"தெரியுதா?"

அக்ரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன தெரியுதா? முதல்ல காலை வை லாத்தா."

அவள் அழுத்தினாள். தன்னுடைய பாரத்தையெல்லாம் கொண்டுவந்து அழுத்தினாள். "இப்ப?"

"பகிடி விடாத லாத்தா. காலை வையன். எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கிறாங்க."

முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் அவளுடைய பாதத்தைப் பார்த்தார்கள். அது அவனுடைய பாதத்தின் மேலேதான் இருந்தது. வேலிக்கு அப்பால் காற்றாலையின் இரைச்சல் மட்டும்.

கமறியா காலை எடுத்தாள். வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் காலைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஒருத்தனும் கிட்ட வரப்படாது," என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "நஸீம், வண்டியை அங்கால எடு. றிஸ்மியா, அம்புலன்சுக்கு அடி. தொண்ணூறுதானே? ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறு. அடி."

அந்த இலக்கத்தை இந்தக் குடியிருப்பில் யாரும் மறக்கமுடியாது. பெற்றவர்கள் துரத்தப்பட்ட வருடம். ஆனால் மைதானத்தில் நின்ற ஒரு ஆம்பிளைக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

"அம்புலன்ஸ் வந்து சேர எவ்வளவு நேரம் போகுமோ! நாங்க ஓட்டோவிலயே கொண்டு போவம்," என்றான் நஸீம். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"கை வைச்சா வெட்டுவன்," என்றாள் கமறியா.

அவள் அவனுடைய தலைமாட்டில் மண்ணிலே இருந்தாள். இரண்டு கால்களையும் நீட்டி, அவனுடைய தலை அசையாதபடி இரண்டு பாதங்களுக்கும் நடுவே அணைத்து வைத்தாள். அப்படி வைக்கச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அது சரியா பிழையா என்றும் தெரியாது. இனி அசையக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. உம்மா சொன்ன இடத்துக்கு இத்தனை வருடத்துக்குப் பிறகு அவளுடைய கால் வந்துவிட்டது, உழக்க அல்ல. அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள், அவள் அசையவில்லை. எறும்பு ஏறியது, அசையவில்லை. அக்ரம் ஒரு தடவை, "லாத்தா, எனக்குக் கால் இருக்குத்தானே?" என்று கேட்டான்.

"இருக்குடா. நான் பாத்துக்கொண்டுதானே இருக்கன்."

அம்புலன்ஸ்காரர்கள் வந்து கழுத்துக்குப் பட்டி கட்டி, பலகையில் வைத்து, ஒரு துண்டு இறைச்சியைப் போலல்ல, கண்ணாடியைப் போல எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் சிங்களத்தில் ஒன்று கேட்டார். "கவுத இஸ்ஸுவே?" யார் தூக்கியது என்று அர்த்தம். இந்தக் கரையில் அந்தச் சிங்களம் தெரியாதவர் இல்லை. ஆனால் அந்த முற்றத்தில் அன்றைக்கு ஒருவருக்கும் சிங்களம் தெரிந்திருக்கவில்லை.

பிறகு புத்தளம், பிறகு கொழும்பு, பிறகு றாகமைப் புனர்வாழ்வு ஆஸ்பத்திரியில் நீண்ட இருப்பு. கழுத்தெலும்பு விலகி, உள்ளே ஓடும் நரம்புத் தண்டை நசித்திருக்கிறது என்றார்கள். தோள் அசையும், முழங்கை மடியும், விரல் மடியாது. மார்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. விழுந்தபோதே அது நசிந்ததா, தூக்கியபோதா, வண்டி குழிக்குள் விழுந்தபோதா என்று கமறியா கேட்டாள். வைத்தியர் இளம் பொம்பிளை. "அதை இனிச் சொல்ல ஏலாது அக்கா. ஆனால் முதல் நாளே ரெண்டு கையும் எரிஞ்சது எண்டு சொல்றீங்களே, அது கழுத்துக்குள்ள இருந்து வந்த எச்சரிக்கை. அதுக்குப் பிறகு அவர் மைதானத்துக்கே போயிருக்கக் கூடாது."

ஊரில் ஆளுக்கொரு கதை. கண்ணூறு என்றார்கள். உடப்புக்காரன் வேண்டுமென்று செய்தான் என்றார்கள். கமறியாவின் காலில் இருந்த பறக்கத்து, அந்த அருள், போய்விட்டது என்றும் சொன்னார்கள், அதை அவளுடைய காதில் விழும்படியே சொன்னார்கள். அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். தாய் பொரித்துக் கொடுத்த மீனைப் பொட்டலமாகக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் நின்றான்.

"நான் விடத்தான் பாத்தன் அண்ணன்," என்றான்.

"நீ ஏன் விடுவாய்? நல்ல பிடி அது," என்றான் அக்ரம். "குனிஞ்சு பாஞ்சது நான். பொரியலைத் தா, பிய்ச்சு வாயில வை. எனக்கு விரல் லீவில போயிட்டுது."

இருவரும் சிரித்தார்கள். கமறியா வெளியே போய் நின்றாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவனைத் திருப்பிப் படுக்கவைப்பதும், புண் வராமல் பார்ப்பதும், குழாய் மாற்றுவதும் றிஸ்மியாவுக்கும் கமறியாவுக்கும் வாழ்க்கையாகிவிட்டது. சுளுக்குக்காரர் கொஞ்சநாள் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கமறியா இடுப்புக்கும் கணுக்காலுக்கும் கால் வைத்தாள், அவளுடைய காலை அவள் கைவிடவில்லை. ஆனால் விளையாடப் போகிறவன் என்று தெரிந்தால் பாயைச் சுருட்டிவிடுவாள்.

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளும் வந்தது. சோழகமும் வந்தது. ஒலிபெருக்கி மறுபடியும் தென்னைமரத்தில் ஏறியது. அதன் சத்தம் கேட்ட நேரத்திலிருந்து அக்ரம் சாப்பிடவில்லை. சக்கர நாற்காலியில் இருந்து வேலியைப் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

இறுதிப் போட்டி அன்று பின்னேரம் அத்தாஉல்லா வந்தார். கேலி இல்லை, சத்தம் இல்லை, முன்னைவிட மெலிந்திருந்தார். பெருநாளுக்குப் பெருநாள் அக்ரமுக்கு உடுப்புக் கொண்டுவருகிறவர் அவர்தான், அதை மறுக்கமுடியாது. ஆனால் அன்று அவருக்குப் பின்னால் நீலச் சட்டை போட்ட ஒருவன் நின்றான். ஃபைஸல், வாட்டசாட்டமான ஆள், இந்த வருடம் அக்ரமின் இடத்தில் பாடிப் போகிறவன். தலையைத் திருப்பாமல், உடம்பைத் திருப்பித்தான் ஸலாம் சொன்னான்.

"நேத்து விழுந்துட்டான்," என்றார் அத்தாஉல்லா. "இடது தோள்தான். சும்மா பட்டும் படாமலும் கால் வைச்சுவிடு கமறியா. அவன்ட மனசுக்கு."

"இடது தோள் மட்டுமா?" என்று நாற்காலியிலிருந்து அக்ரம் கேட்டான்.

"ஓம் நானா. மட்டும்தான்," என்றான் ஃபைஸல்.

கமறியா உள்ளே போனாள். தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பையைக் கொண்டுவந்து அவனுக்கு முன்னால் நீட்டினாள்.

"குடி, மகன்."

ஃபைஸல் கோப்பையைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் கொண்டுவந்தான். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே அணைத்து, சின்னப்பிள்ளை மாதிரி. கோப்பை வழுகிப் பாயில் விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"இவன் இண்டைக்குப் பாட மாட்டான்," என்றாள் கமறியா. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இப்பவே."

"இண்டைக்கு ஃபைனல் கமறியா..."

"நானா, அங்க பாருங்க." அவள் அக்ரமைக் காட்டினாள். "அதுவும் ஃபைனல்தான்."

அத்தாஉல்லாவின் முகம் இருண்டது. ஆனால் ஃபைஸல் ஏற்கெனவே மோட்டார்சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றான். "எனக்கு ஒண்டுமில்ல நானா. சூடு, அதுதான் விட்டுட்டன். வாங்க போவம். உச்சமுனையிலயும் காலால பிறந்த ஒராள் இருக்காராம், பிறகு பாத்துக்கொள்ளலாம்." அவர்கள் போனார்கள். மோட்டார்சைக்கிள் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவில்லை, வாடி மைதானத்துப் பக்கம் திரும்பியது.

ஒலிபெருக்கி இரண்டு அணிகளையும் அழைத்தது.

"லாத்தா," என்றான் அக்ரம். "என்னைக் கொண்டு போ."

"எங்கடா?"

"தெரியாதா உனக்கு?"

றிஸ்மியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தாள், கமறியா மறுபக்கம் பிடித்தாள். ஒழுங்கையில் நின்றவர்கள் விலகி நின்றார்கள். பெண்கள் மைதானத்துக்குள் வருவதைக் கண்டு யாரோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாற்காலியில் இருப்பவனைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான்.

இந்த வருடம் களத்தில் மணல் தடிப்பாகக் கொட்டியிருந்தார்கள். சக்கரம் உருளவில்லை. தள்ளத் தள்ளப் புதைந்தது. நடுக்கோட்டுக்கு வந்ததும் ஒரேயடியாக இறுகி நின்றுவிட்டது. கமறியா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலை மண்ணில் ஊன்றி இன்னொரு தள்ளுத் தள்ளப் பார்த்தாள்.

"விடு லாத்தா," என்றான் அக்ரம். "இங்கேயே நிக்கட்டும்."

அவள் விட்டாள். நாற்காலிக்குப் பக்கத்தில் நடுக்கோட்டின் மேல் மண்ணிலே இருந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். காற்று மணலை அள்ளிச் சக்கரத்தில் கொட்டியது. எதிர்ப்பக்கத்தில் வரிசையாக நின்ற பொடியன்களில் ஒருவரும் கோட்டுக்குக் கிட்ட வரவில்லை.

ஒலிபெருக்கி ஃபைஸலின் பெயரைக் கூப்பிட்டது. மறுபடியும் கூப்பிட்டது. சனத்துக்குள் ஒரு நீலச் சட்டை தெரிந்தது. கைகள் இரண்டையும் கக்கத்துக்குள் ஒளித்துக்கொண்டு, கண்ணை நாற்காலியிலிருந்து எடுக்கமுடியாமல், அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.